வார இறுதிப் பள்ளியில் படித்த தமிழைக் கல்லூரியின் வேற்றுமொழித் தேவைக்குக் கணக்கில் காட்ட முடியுமா?

கேள்வி கேட்டவர்: ஓஹையோ அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இங்குள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பொறியியல் பிரிவில் சேர்ந்தவள், சென்ற பருவத்தில்தான் பொருளாதாரத்துக்கு மாறினாள். பொறியியலில் இல்லாத ஒரு நிபந்தனை கலை அறிவியல் கல்லூரியில் இருப்பது மாறிய பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. பட்டம் பெறுவதற்குள் ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியில் நான்கு பருவப் படிப்புக்கு ஈடான தேர்ச்சியைக் காட்ட வேண்டுமாம். இப்போது தொடங்கி நான்கு பருவமும் வகுப்பில் உட்கார்ந்தால் பொருளாதாரப் பாடங்களுக்கு இடம் போதாது. ஒரு பருவம் கூடுதலாகப் படிக்க நேர்ந்தால் அந்தக் கட்டணம் எங்கள் தலையில்தான் விழும்.

உயர்நிலைப் பள்ளியில் அவள் இரண்டு ஆண்டுகள் ஸ்பானிஷ் படித்தாள், பிறகு விட்டுவிட்டாள். கல்லூரி இணையத்தில் நடத்தும் நிலையறி தேர்வை, அதாவது பிளேஸ்மென்ட் டெஸ்டை, போன மாதம் எழுதினாள். இரண்டாம் பருவ வகுப்பில் சேரலாம் என்று முடிவு வந்தது. தமிழைப் பொறுத்தவரை, ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போனாள். வீட்டில் என்னோடும் என் மாமியாரோடும் தமிழில்தான் பேசுவாள். வாசிக்கத் தெரியும், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். எழுதி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன.

அவளுடைய கல்லூரியில் தமிழ் கற்பிக்கப்படுவதில்லை. அப்படியிருக்க, தமிழில் தேர்வு எழுதி இந்த நிபந்தனையை நிறைவு செய்ய வழி உண்டா? தேர்ச்சி பெற்றால் கிரெடிட்டும், அதாவது பட்டக் கணக்கில் சேரும் பாடப் புள்ளிகளும், கிடைக்குமா? ஆலோசகரிடம் கேட்டதற்கு, "எங்கள் பட்டியலில் தமிழ் இல்லை" என்ற ஒற்றை வரியில் பதில் வந்தது. இதோடு விட்டுவிடுவதா, மேலும் கேட்பதா என்று தெரியவில்லை.

பதில் 1: ஆலோசனை மேசை

அம்மா, விடாதீர்கள். நான் வேறொரு மாநிலத்தில் கல்லூரி ஒன்றில் மாணவர் ஆலோசகராகப் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். "பட்டியலில் இல்லை" என்று ஆலோசகர் சொன்னால், பெரும்பாலும் அவருடைய கணினித் திரையில் தெரியும் நிலையறி தேர்வுகளின் பட்டியலில் இல்லை என்றுதான் பொருள். விதியில் இடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அந்தப் பட்டியல் கல்லூரி தானே கற்பிக்கும் மொழிகளுக்கானது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மொழித் தேர்வு என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் நடக்கின்றன, பெற்றோர் மட்டுமல்ல, எங்கள் அலுவலகத்தில் புதிதாக வருபவர்களும் இவற்றைக் கலந்துவிடுகிறார்கள். நிலையறி தேர்வு என்பது எந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்று மட்டும் சொல்வது; அதற்காகக் கிரெடிட் கொடுப்பது அரிது. சில கல்லூரிகளில் அதில் மிக உயர்ந்த நிலை வந்தால் மொழித் தேவை நிறைவேறியதாகக் கொள்வார்கள், சிலவற்றில் அதுவும் இல்லை. திறனறி தேர்வு என்பது தேவையிலிருந்து விலக்குத் தருவது. விலக்கு கிடைத்தால் அந்த நான்கு பருவப் பாடங்களை எடுக்க வேண்டியதில்லை, ஆனால் பட்டத்துக்கு வேண்டிய 120 கிரெடிட்டில் ஒன்றும் குறையாது. அந்த இடத்தை வேறு பாடங்களால் நிரப்ப வேண்டும். மூன்றாவது, தேர்வின் வழியாகக் கிரெடிட்டே தருவது. உயர்நிலைப் பள்ளி ஏபி தேர்வுகளும் காலேஜ் போர்டு நடத்தும் கிளெப் தேர்வுகளும் இந்த வகை. இந்த ஏபி, கிளெப் தேர்வுகளில் தமிழுக்கு இடமில்லை. ஏபி மொழித் தேர்வுகள் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், சீனம், ஜப்பான், லத்தீன் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. கிளெப்பில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மட்டும்தான். உங்கள் மகளுக்கு வேண்டியது இரண்டாவது வகை. அவளுடைய சிக்கல் நேரம்தானே தவிர கிரெடிட் எண்ணிக்கை அல்ல என்பதால் விலக்கே போதும் என்று நினைக்கிறேன்.

கல்லூரி தானே கற்பிக்காத மொழிக்கு வெளித்தேர்வை ஏற்றுக்கொள்வது பல இடங்களில் நடைமுறையில் இருக்கிறது. பரவலாக ஏற்கப்படுவது ஆக்ட்ஃபுல் என்ற அமெரிக்க மொழியாசிரியர் அமைப்பின் அளவுகோல். தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை, மேநிலை, தனிச்சிறப்பு நிலை என்று அது ஐந்து படிகளாகப் போகிறது. முதல் மூன்று படிகள் ஒவ்வொன்றும் கீழ், நடு, மேல் என்று மீண்டும் பிரியும். ஓபிஐ எனப்படும் அவர்களுடைய வாய்மொழி நேர்காணல் தமிழில் உண்டு. அவாந்த் நிறுவனத்தின் ஸ்டாம்ப் தேர்வு வகைகளில் எழுத்தையும் பேச்சையும் மட்டும் சோதிக்கும் ஒன்றும் தமிழில் கிடைக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் இருமொழி முத்திரை, அதாவது ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி உண்டு என்ற அங்கீகாரம், வாங்கும் நம் பிள்ளைகள் பலர் எழுதுவது அதைத்தான். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் தொழில்முறைக் கல்விப் பள்ளியும் 50க்கும் மேற்பட்ட மொழிகளில் திறனறி தேர்வு நடத்துகிறது. இவற்றில் எதை ஏற்பது, எந்த நிலை வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் மகளின் கல்லூரிதான் முடிவு செய்யும். அதனால் எழுத்துப்பூர்வமான சம்மதம் கைக்கு வருமுன் எந்தத் தேர்வுக்கும் பணம் கட்டாதீர்கள். தேர்வு எழுதிச் சான்றிதழும் வாங்கிய பிறகு, "இந்தத் தேர்வை நாங்கள் ஏற்பதில்லை" என்று கேட்டு என் மேசைக்கு எதிரே கண் கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

யாருக்கு எழுதுவது என்பதும் முக்கியம். ஆலோசகரைத் தாண்டி, கலை அறிவியல் கல்லூரியின் டீன் அலுவலகத்தில் பாடத்திட்ட விலக்கு மனுக்களைப் பார்ப்பவருக்கு எழுத வேண்டும். தெற்காசிய மொழிகளுக்கென்று துறை இல்லாத கல்லூரியில் ஒப்பியல் இலக்கியத் துறையோ மொழியியல் துறையோ இதைக் கையாளும். மனுவை மகள்தான் எழுத வேண்டும். பெற்றோர் எழுதினால் மாணவர் தனியுரிமைச் சட்டத்தைக் காட்டிப் பதிலே போட மாட்டார்கள்.

பதில் 2: மேடிசன் பனி

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி எவ்வளவு மாறும் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள். பெர்க்லியின் கலை அறிவியல் கல்லூரியில், உயர்நிலைப் பள்ளியில் ஒரே மொழியில் மூன்றாம் ஆண்டுப் பாடத்தை சி மைனஸுக்குக் குறையாமல் முடித்திருந்தாலே மொழித் தேவை நிறைவேறிவிடும். யேலில் அதற்கு நேர்மாறு: எவ்வளவு உயர்ந்த நிலையில் நுழைந்தாலும் ஒரு பருவமாவது மொழி வகுப்பில் உட்காராமல் பட்டம் வாங்க முடியாது. இரண்டு இடங்களிலும் தமிழ் கற்பிக்கிறார்கள் என்பதால் நம் பிள்ளைகள் பலர் இந்த வேறுபாட்டை நேரடியாகச் சந்திக்கிறார்கள். நான் படித்த விஸ்கான்சின் மேடிசனிலும் தமிழ் உண்டு. அங்கே முன்தேதிக் கிரெடிட் என்று ஒரு வழி இருக்கிறது. நிலையறி தேர்வில் மேல் வகுப்புக்குப் போய், கல்லூரியில் எடுக்கும் முதல் மொழிப் பாடமாக அதை எடுத்து, பி அல்லது அதற்கு மேல் வாங்கினால், தாண்டி வந்த பருவங்களுக்கும் சேர்த்து 16 கிரெடிட் வரை ஏற்றுவார்கள். உங்கள் மகளின் கல்லூரியிலும் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று ஸ்பானிஷ் துறையிடம் கேட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்து வந்தவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்தால், அவர்களுக்குப் பெரும்பாலும் தேர்வே தேவைப்படாது. ஆங்கிலம் அல்லாத பயிற்று மொழியில் மேல்நிலைப் பள்ளியை முடித்ததற்கான சான்றிதழைக் காட்டினால் போதும் என்ற விதி கொலம்பியா போன்ற இடங்களில் இருக்கிறது. ஆங்கில வழியில் படித்துத் தமிழை ஒரு பாடமாக மட்டும் எடுத்தவர்கள்தான் விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

பதில் 3: சாதம் தயிர்

நான் இந்தத் தமிழ்த் திறனறி தேர்வை மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதியவன், நியூஜெர்சியில் பிறந்தவன். உங்கள் மகளின் நிலைமைதான் எனக்கும்: வீட்டில் பேச்சு, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, பிறகு நீண்ட இடைவெளி. நடந்ததைச் சொல்கிறேன்.

வாய்மொழித் தேர்வு தொலைபேசியில் நடந்தது, அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. தேர்வாளர் வணக்கம் சொன்னதும் நான் தமிழ்ப் பள்ளிப் பேச்சுப்போட்டியில் மனப்பாடம் செய்த நடையில், "நான் தங்களுக்கு என்னை அறிமுகம் செய்துகொள்ள விழைகிறேன்" என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்துவிட்டு, "வீட்டுல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது. என் அறையை விவரிக்கச் சொன்னார். அம்மா தோசை மாவு அரைப்பதைப் படிப்படியாகச் சொல்லச் சொன்னார். சென்ற கோடையில் நடந்த ஒரு சம்பவத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லச் சொன்னார். இதெல்லாம் ஓடியது. அடுத்து, "உங்க ஊர்ல பஸ் சேவையை நிறுத்திட்டாங்கன்னா யாருக்கெல்லாம் என்ன ஆகும்?" என்று கேட்டார். சொல்ல எனக்கு நிறைய இருந்தது, சொல் இல்லை. வேலைக்குப் போகும் வயதானவர்கள் கஷ்டப்படுவார்கள் என்று சொன்னதையே மூன்று விதமாகச் சொன்னேன். பாதிப்பு, செலவு, வசதி, மாற்று ஏற்பாடு போன்ற சொற்களை நான் அம்மாவின் வாயிலிருந்து ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன், என் வாயிலிருந்து ஒருமுறைகூட வந்ததில்லை. அந்த நேர்காணலின் அமைப்பே அப்படித்தான்: எங்கே தடுமாறுகிறோமோ அதுவரை மேலே ஏற்றிக்கொண்டே போவார்கள். அங்கே தடுமாறினால் தோல்வி என்று நினைத்து மகள் மனம் உடைந்துவிடக் கூடாது. எனக்கு உயர்நிலையின் கீழ்ப்படி கிடைத்தது. கல்லூரி கேட்டது இடைநிலையின் நடுப்படி.

எழுத்துதான் என்னைக் கவிழ்த்தது. நண்பனுக்குக் கடிதம் எழுதும் பகுதியில் "நேத்து நாங்க எல்லாரும் கடைக்கு போனோம்" என்று பேச்சு போலவே எழுதினேன், பாதிச் சொற்களில் ழகரமும் ளகரமும் இடம் மாறியிருந்தன. முதல் முறை வேண்டிய நிலைக்கு ஒரு படி கீழே நின்றேன். இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதிப் பழகி இரண்டாம் முறை தேறினேன். கணினியில் தட்டச்சு செய்ய வேண்டியிருந்ததால், தமிழ் விசைப்பலகையில் பழகவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பதில் 4: ஞாயிறு வாத்தியார்

மேலே எழுதிய தம்பியின் அனுபவம் என் மாணவர் பலருக்கும் பொருந்தும். நான் பதினைந்து ஆண்டுகளாக வார இறுதிப் பள்ளியில் மேல் வகுப்புகளுக்குத் தன்னார்வ ஆசிரியராக இருக்கிறேன். ஸ்பானிஷ் பேசும் வீட்டுப் பிள்ளை பேசுவதை ஏறக்குறைய அப்படியே எழுதிவிடலாம். நம் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. அது பேசுகிற தமிழ் வேறு, எழுத வேண்டிய தமிழ் வேறு. "வந்துக்கிட்டிருந்தாங்க" என்பது "வந்துகொண்டிருந்தார்கள்" ஆக வேண்டும், "இருக்குது" என்பது "இருக்கிறது" ஆக வேண்டும். இதை இலக்கணமாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு மண்டையில் ஏறுவதில்லை. நான் செய்வது வேறு. பாட்டியிடம் ஏதாவது ஒரு பழைய கதையைச் சொல்லச் சொல்லிக் கைபேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்யச் சொல்வேன். அதைப் பேச்சிலேயே எழுத வைப்பேன். பிறகு ஒவ்வொரு வினைமுற்றாக எழுத்து வடிவத்துக்கு மாற்றுவோம். முப்பது நாற்பது வினைச்சொற்களுக்கு இதைச் செய்து முடித்தால், கை தானாகவே எழுதத் தொடங்கிவிடும். வல்லினம் மிகுமா மிகாதா என்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். இடைநிலைத் தேர்வில் சொல்ல வந்தது வாசிப்பவருக்குப் புரிகிறதா என்பதுதான் கணக்கு.

வாசிப்புக்கு நாளிதழின் உள்ளூர்ச் செய்திகள் போதும், நாளொன்றுக்கு ஒரு பத்தி. "நடைபெற்றது", "தெரிவித்தார்", "பாதிக்கப்பட்டது" என்று அந்தத் தம்பிக்கு வாயில் வராமல் போன சொற்களெல்லாம் அங்கேதான் கொட்டிக் கிடக்கின்றன.

யாழ்ப்பாணத்துக் குடும்பப் பிள்ளைகளும் என் வகுப்பில் உண்டு. "பேசினேன்" என்பதற்குப் பதிலாகக் "கதைத்தேன்" என்று சொன்னால் மதிப்பெண் போகுமா என்று அவர்கள் கேட்பார்கள். போகாது. வட்டார வழக்கு பிழையல்ல. வாக்கியத்துக்கு இரண்டு ஆங்கிலச் சொற்கள் கலப்பதுதான் பிழையாகப் பார்க்கப்படும். "கார் பார்க் பண்ணிட்டு ஷாப்பிங் போனோம்" என்பது வீட்டில் தமிழ்தான், தேர்வில் இல்லை.

பதில் 5: டாலஸ் அப்பா

எல்லோரும் தமிழ் தமிழ் என்கிறீர்கள். நான் மாறுபட்டே சொல்லப் போகிறேன். ஸ்பானிஷில் இரண்டாம் பருவம் வந்துவிட்டது, இன்னும் மூன்று பருவம்தான். கிளெப் ஸ்பானிஷ் எழுதி 50 வாங்கினால் முதல் இரண்டு பருவம் கழியும், 63 வாங்கினால் நான்கும் கழியும். தேர்வு ஒன்றரை மணி நேரம், கேட்டல் வாசித்தல் மட்டும், பேசவே தேவையில்லை. தமிழுக்கு மனுப் போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, யாரோ ஒருவர் தயவை எதிர்பார்ப்பதைவிட இது நேர்வழி இல்லையா? பிள்ளைக்கு வேலைச் சந்தையிலும் ஸ்பானிஷ் உதவும்.

பதில் 6: ஆலோசனை மேசை

டாலஸ் ஐயா, எண்கள் சரி. ஆனால் அவை கல்லூரிகளுக்கு வழங்கப்படும் பரிந்துரை. 63 வாங்கினாலும் நான்கு பருவத்தையும் கழிக்காமல் மூன்றோடு நிறுத்தும் கல்லூரிகள் இருக்கின்றன. அதற்கு மேல், இரண்டு ஆண்டு உயர்நிலைப் பள்ளி ஸ்பானிஷை நெடுநாள் முன்பே விட்ட ஒருவர் 63 வாங்க எவ்வளவு உழைக்க வேண்டுமோ, அதில் பாதி உழைப்பில் தமிழ் எழுத்தைத் தேற்றிவிடலாம் என்பது என் கணிப்பு. ஸ்பானிஷ் வழியை இரண்டாவது கதவாகத் திறந்தே வைத்திருக்கட்டும், அதில் தவறில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: இணையத்தில் மேற்பார்வை இல்லாமல் நடக்கும் நிலையறி தேர்வை அகராதியை வைத்துக்கொண்டு மறுபடி எழுதி நான்காம் பருவத்துக்குத் தாவ வேண்டாம். அப்படி வந்தவர்கள் மூன்றாம் வாரத்தில் வகுப்பை விட மனுப் போடுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். கீழ் வகுப்பில் சேர்ந்து சுலபமாக ஏ வாங்கலாம் என்று வேண்டுமென்றே மோசமாக எழுதுபவர்களும் உண்டு. வாயைத் திறந்த முதல் நாளே ஆசிரியர் கண்டுபிடித்து மேல் வகுப்புக்கு அனுப்பிவிடுவார்.

கேள்வி கேட்டவர்: ஓஹையோ அம்மா

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வந்து எழுதுகிறேன். மகள் டீன் அலுவலகத்துக்கு எழுதினாள். அவர்கள் மொழியியல் துறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வந்த கடிதத்தில், ஆக்ட்ஃபுல் பேச்சுத் தேர்வு, எழுத்துத் தேர்வு இரண்டிலும் இடைநிலையின் நடுப்படி வந்தால் விலக்கு உண்டு, கிரெடிட் இல்லை என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். கடிதத்தைச் சேமித்து வைத்துவிட்டோம். பேச்சுத் தேர்வுக்கு நாள் குறித்தாயிற்று, எழுத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

வாத்தியார் ஐயா சொன்னபடி மாமியாரிடம் கதை கேட்டுப் பதிவு செய்தாள். திருநெல்வேலியில் அவர் சிறுமியாக இருந்தபோது ஆற்றில் வெள்ளம் வந்த கதை. முதல் பத்தியில் "ஓடினாங்க", "ஓடினார்கள்", "ஓடுனாங்க" மூன்றும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. மாமியார் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, எழுத்துப் பிழை ஒன்றையும் பார்க்காமல், வெள்ளம் இரவில் வரவில்லை, விடியற்காலையில்தான் வந்தது என்று திருத்தினார். ஐயா, "வந்தது" என்பதை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுகிறாள், "வந்துச்சு" போய்விட்டது. ஆனால் "போயிட்டு" என்பதை "போய்விட்டு" என்று மாற்றுவதா "சென்று" என்று மாற்றுவதா என்று கேட்கிறாள். எது பாதுகாப்பு?

பதில் 7: ஞாயிறு வாத்தியார்

"போய்விட்டு" என்றே எழுதட்டும் அம்மா. அவள் வாயில் இருக்கும் சொல் அது, அவசரத்திலும் தப்பாது. அடுத்த பத்தியையும் இங்கே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.